மூன்றாம் முனையத்தில் நீ படித்த வருடம்

வினு,

நீயும் குழந்தையும் நலம் என்று இன்று காலையில்தான் அம்மா சொன்னாள். போனில் அவள் முகத்துக்குப் பின்னால் நீ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கையசைத்தாய். நானும் கையசைத்தேன். "அப்பா சாப்பிட்டாரான்னு கேளுங்கம்மா" என்று நீ சொன்னது எனக்கே கேட்டது. ஆனாலும் அம்மா அதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள். நான் அவளிடம், "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றேன். அவளும் உன் பக்கம் திரும்பிச் சொன்னாள். அதில் விநோதம் எதுவும் இருப்பதாக நம் மூவருக்கும் தோன்றவில்லை. பல வருடங்களாக நம் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. இது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

அம்மா உன் பிரசவத்துக்காக மெல்பர்ன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கல்யாணமானதிலிருந்து நான் இத்தனை நாள் தனியாக இருந்ததில்லை. காலையில் எழுந்து கோப்பி போட்டுக் குடித்துவிட்டால் அதற்குமேல் அன்றைக்குச் செய்ய எதுவும் இல்லை. வேலை இருந்தவரைக்கும் வீட்டின் அமைதி எனக்கு ஓய்வாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு எவ்வளவு எடை என்று தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் தேக்கா சந்தைக்குப் போனேன். மீன் வாங்கினேன், அதை யார் சமைப்பது என்று வாங்கிய பிறகுதான் யோசித்தேன். அதைக் கொண்டுவந்து எதிர்வீட்டு முருகையனிடம் கொடுத்தேன். கதவைத் திறந்த முருகையனின் முகம் சரியாக இல்லை. அவர் மகள் ரம்யாவுக்கு, பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ லெவல் தேர்வின் முடிவு வந்திருக்கிறது. உனக்கு முதல் தடவை வந்ததுபோலவே வந்திருக்கிறது.

"அண்ணே, ஒண்ணு கேட்கணும்" என்று வெளியே வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டார். "உங்க பொண்ணு ரெண்டாவது தடவ எழுதித்தானே யூனிக்குப் போச்சு? ஸ்கூல் இல்லாம தானாவே படிச்சு பாஸ் பண்ணுச்சுல்ல. அந்த வருஷம் எப்படி பிளான் பண்ணுச்சு, எங்க படிச்சுச்சு, எத்தன மணி நேரம்? கொஞ்சம் சொல்லுங்களேன் லா. இவ ரெண்டு நாளா ரூமை விட்டே வரல."

"அவளாவே படிச்சா தம்பி. எனக்கு அவ்வளவா தெரியல" என்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "நீங்க எப்பவும் இப்படித்தாண்ணே" என்று சிரித்தார். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன். அவரிடம் சொன்னதில் பாதிதான் உண்மை. நீ எப்படிப் படித்தாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. பத்து வருடம் ஆகப் போகிறது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

முதல் வருடத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்கியது. விமான நிலையத்தில் பயணப்பெட்டிப் பிரிவில் முப்பது பேருக்கு ஷிப்ட் அட்டவணை போடுகிற வேலை எனக்கு. யார் எத்தனை மணிக்கு எந்தப் பெல்ட்டில் நிற்க வேண்டும், யாருக்கு எப்போது சாப்பாட்டு நேரம் என்று எல்லாமே கட்டம் கட்டமாக என் மேசையில் இருக்கும். நீ ஏ லெவலுக்குப் படித்த தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் உனக்கும் அப்படியே ஒன்று போட்டேன். குளிர்பெட்டிக் கதவு நிறைய ஓர் அட்டை. இயற்பியலுக்கு நீலம், வேதியியலுக்குப் பச்சை, கணக்குக்குச் சிவப்பு, பொருளியலுக்கு மஞ்சள். டியூஷன் நேரம், சாப்பிடும் நேரம், குளிக்க இருபது நிமிடம். நீ அதன் முன்னால் நின்று, "டாய்லெட் போறதுக்கு எந்தக் கலர்ப்பா?" என்று கேட்டாய். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ கேட்டது வேடிக்கைக்கு இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இயற்பியலை நீ கேட்டு எடுக்கவில்லை. கல்லூரியில் சேரும்போது இலக்கியம் எடுக்கிறேன் என்றாய். "கதை படிச்சு என்னம்மா பண்ணுவே?" என்றேன். நான் நான்கு வருட உயர்நிலைப் பள்ளியோடு நின்று பத்தொன்பது வயதில் பெட்டி தூக்கப் போனவன். படிப்பு என்றால் எனக்கு அறிவியலும் கணக்கும்தான். நாடகக் குழுவையும் அந்த வருடம் விடச் சொன்னேன், நீ விட்டாய். பிறகு ஜூலை மாதம் ஒரு சாயங்காலம், நான் சீருடையைக்கூடக் கழற்றவில்லை, என் எதிரில் வந்து நின்றாய். "அப்பா, எனக்கு பிசிக்ஸ் ஓடவே மாட்டேங்குது. கிளாஸ்ல உட்கார்ந்தா சத்தம் மட்டும்தான் கேட்குது" என்றாய். எவ்வளவு யோசித்துவிட்டு வந்து சொல்லியிருப்பாய் என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன். அன்று நான் செய்தது, நீலப் பேனாவை எடுத்து வாரத்துக்கு இரண்டு கட்டம் கூட்டியதுதான். ஆள் பற்றாக்குறை என்று எவனாவது வந்து நின்றால் என் பிரிவில் செய்வதையே உனக்கும் செய்தேன்.

முடிவு வந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உன் கல்லூரி மண்டபத்துக்கு வந்தேன். மற்ற பெற்றோர்கள் ஓரமாக நின்றார்கள். நான் கொஞ்சம் முன்னால் நின்றேன். நீ தாளை வாங்கிக்கொண்டு திரும்பியபோது என்னைத் தேடிப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். தாளை என்னிடம் நீட்டினாய். இயற்பியலும் வேதியியலும் போய்விட்டன, மற்றவையும் சுமார்தான். ரயிலில் திரும்பும்போது இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. "நான் போட்ட அட்டவணையில எந்த நாள் தப்பு? சொல்லு" என்றேன். பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

"அட்டவணை தப்பில்லப்பா. எனக்குப் புரியலேன்னு அப்பவே சொன்னேன்ல" என்றாய். குரல் உயரவில்லை.

"சரி. இனிமே உன் படிப்பப் பத்தி நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். நீயாச்சு, உன் படிப்பாச்சு."

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றது நீ மட்டும்தான், நான் இல்லை என்று அது எனக்குச் சொன்னது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நாம் இறங்க வேண்டிய பூன் லே ஸ்டேஷன் வரும்வரை அப்படியே இருந்தாய். என் மனதில் அது ஒரு வாரத்துக் கோபம். ஒரு வாரம் கழித்து நீ வந்து பேசுவாய், நானும் பேசிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். நீ வரவில்லை. இரண்டாம் வாரம் யார் முதலில் பேசுவது என்பது ஒரு விஷயமாகிவிட்டது. ஒரு மாதம் ஆனபோது, பேசுவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்குப் பேசக் காரணம் தேவைப்பட ஆரம்பித்துவிட்டால் அது கிடைக்கவே கிடைக்காது, வினு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உன் மகன் வளர்ந்து உன் பேச்சைக் கேட்காமல் போகிற ஒரு நாள் வரும், அன்றைக்காக இதை உனக்கு எழுதி வைக்கிறேன். திட்டு, கதவை அறைந்து சாத்து, ஆனால் பேசாமல் இருப்பதை ஒரு தண்டனையாகக் கொடுக்காதே. கொடுத்தவனால் அதை அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுபடியும் எழுதப் போகிறாய் என்பதை அம்மாதான் சொன்னாள். பள்ளிக்கூடம் இல்லாமல், தனியாகப் பெயர் பதிந்துகொண்டு எழுதுகிறாயாம். "எங்க உட்கார்ந்து படிக்கப் போறாளாம்?" என்று கேட்டேன். "லைப்ரரிக்குப் போறா போல" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. நான் விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்துப் போய்விடுவேன், நீ அதன்பிறகு எழுந்திருப்பாய். சாயங்காலம் நீ திரும்பி வரும்போது நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று பேரும் தேக்காவுக்குப் போவோம். காய்கறி வாங்கிவிட்டு மேசையில் உட்கார்ந்தால் நடுவில் அம்மா. "அப்பாவுக்கு இன்னொரு டீ வேணுமான்னு கேளுங்கம்மா" என்பாய். "வேணாம்னு சொல்லு" என்பேன். தோசைக் கடைக்காரர் ஒருநாள் அம்மாவிடம், "என்னக்கா, ரெண்டு பேருக்கும் காது கேட்காதா?" என்று கேட்டார். அம்மா சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று அழுதாள். நான் ஹாலில் இருந்தேன். எழுந்து போகவில்லை. உன் அறைக்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. நீ அவளிடம் போயிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

மே மாதமோ ஜூன் மாதமோ, சரியாக நினைவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தொலைந்த பெட்டி ஒன்றின் விஷயமாகக் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் முனையத்தின் மேல்மாடிக்குப் போகவேண்டி வந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே புறப்பாட்டு மண்டபம் முழுக்கத் தெரியும். ஒரு தூணுக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டிருந்த இருக்கைகளில் கடைசி இருக்கை. மடியில் ஒரு கோப்பு, அதன்மேல் தாள், குனிந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண். விமான நிலையத்துக்கு மாணவர்கள் வந்து படிப்பது புதிதில்லை. குளிர்ச்சியாக இருக்கும், வெளிச்சம் இருக்கும், நாங்கள் தினமும் பார்ப்பதுதான். அந்தப் பெண் நிமிர்ந்து கழுத்தைத் திருகிக்கொண்டபோதுதான் நீ என்று தெரிந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். லைப்ரரி என்று சொல்லிவிட்டு இங்கே என்ன செய்கிறாய் என்று. அடுத்த நிமிடம் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜூரோங்கில் இருக்கிற நம் வீட்டிலிருந்து தீவின் இந்தக் கோடிக்கு, தானா மேராவில் ரயில் மாறி, ஒன்றரை மணி நேரம் வந்திருக்கிறாய். வீட்டில் நான் இருக்கிற இடத்தில் படிக்க முடியாமல், என் முகம் படாத இடம் தேடி இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நான் இதே கட்டடத்தின் அடியில் இருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டாயோ என்றும் நினைத்தேன். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். என் வாக்கி டாக்கி கூப்பிடும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து, வேலை இருந்த நாட்களிலெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மேலே போனேன். ஊழியர் கேன்டீனில் ரொட்டி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கம்பியோரமாக நின்று சாப்பிடுவேன். இப்படித்தான் உன் திட்டத்தை நான் தெரிந்துகொண்டேன். திங்கள், வியாழன் கணக்கு. அம்மா காணோம் என்று தேடிக்கொண்டிருந்த அடுப்படி டைமர் உன் இருக்கையின் கைப்பிடியில் இருந்தது. பழைய வினாத்தாளை முன்னால் வைத்து, டைமரைத் திருப்பிவிட்டு, முழுத் தாளையும் உட்கார்ந்து எழுதுவாய். அது அடித்ததும் பேனாவை வைத்துவிடுவாய், பாதி வாக்கியத்தில் இருந்தாலும். பிறகு எழுந்து, மண்டபத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாய். வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து நீ எழுதியதை நீயே திருத்துவாய். திருத்திக் கொடுக்க வேறு ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கதைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் தாள்கள், ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பாய். உதடு அசைய மெல்லப் படிப்பாய். புதன்கிழமைகளில், அட்டையில் பெரிய எழுத்தில் வரலாறு என்று போட்ட தடித்த புத்தகம். நீ இயற்பியலையும் வேதியியலையும் விட்டுவிட்டு இலக்கியமும் வரலாறும் எடுத்திருக்கிறாய் என்பது எனக்கு அந்தக் கம்பியில் சாய்ந்து நின்றபோதுதான் தெரியவந்தது. இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல். நான் போட்டதைவிட அது நல்ல அட்டவணை. எந்த நாளில் உனக்குச் சோர்வு வரும் என்று நீ அறிந்து வைத்திருந்தாய். வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள்தான் வருவாய்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. ஆகஸ்டில் ஒருநாள் ஒரு பெரிய குடும்பம் நிறையப் பெட்டிகளோடு உன் பக்கம் வந்தது. வயதானவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். நீ உடனே எழுந்து இடம் கொடுத்துவிட்டு, தூணடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாய். கோப்பைத் தொடையில் வைத்து எழுத முடியவில்லை, முழங்காலை மடக்கிப் பார்த்தாய், சாய்ந்து பார்த்தாய். என் பிரிவுக்குப் பின்னால் ஓர் ஓய்வறை இருந்தது. இல்லாவிட்டால் கேன்டீனில் ஒரு மேசை பிடித்துத் தந்திருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் பக்கத்தில் வந்து தரையிலாவது உட்கார்ந்திருக்கலாம். நான் செய்யவில்லை. இன்னொரு நாள், டைமர் அடிப்பதற்கு முன்பே நீ பேனாவை வைத்துவிட்டாய். தலையைக் கோப்பின்மேல் கவிழ்த்துக்கொண்டாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். தோள் அசைந்தது. உன்னைச் சுற்றி ஆட்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், யாரோ யாரையோ கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள். படிக்கட்டு எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. இறங்கி வந்து என்ன சொல்வது என்று யோசித்தேன். 'அழாதே' என்று சொல்லலாமா, 'என்னம்மா' என்று கேட்கலாமா என்று ஒத்திகை பார்த்தேன். அதற்குள் வாக்கி டாக்கி கூப்பிட்டது. கூப்பிடாமல் இருந்திருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அது கூப்பிட்டது எனக்கு வசதியாகப் போயிற்று.

அக்டோபர் கடைசியில், மேல்மாடியையும் கீழ் மண்டபத்தையும் துடைக்கும் மலாய்க்கார அம்மா ஒருவர் துடைப்பத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை அங்கே தினமும் பார்ப்பவர்தான், தலையாட்டுவதோடு சரி. அன்று மலாயில், "அந்தப் பெண் உங்கள் மகள்தானே?" என்று கேட்டார். என் அடையாள அட்டையில் இருந்த படத்தைக் காட்டி, அதே முகம் என்றார். தண்ணீர் பிடிக்கவோ கழிவறைக்கோ போகும்போது நீ உன் பையை அவரிடம்தான் பார்த்துக்கொள்ளச் சொல்வாயாம். "வீடு எங்கே என்று கேட்டேன். ஜூரோங் என்றாள். அங்கே லைப்ரரி இல்லையா, எதற்கு இவ்வளவு தூரம் என்றேன். என் அப்பா இங்கேதான் கீழே வேலை செய்கிறார் என்றாள்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டே, "நீங்கள் ஏன் மேலேயே நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மீதி ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ஐந்து மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது தலைகீழாக இருந்தது. நீ என்னைவிட்டு ஓடி வரவில்லை. நீ இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று தெரிந்து, நான் இருக்கிற இடத்துக்கு நீ வந்திருக்கிறாய். கண்ணில் படுவேனா என்றுகூடப் பார்த்திருக்கலாம். தவறு செய்த நான் மேலே ஒளிந்து நின்றேன், நீ எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாய்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அதற்கு அடுத்தநாள், சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போய் இரண்டு மைலோ வாங்கினேன். உனக்குச் சூடாக, எனக்குச் சர்க்கரை குறைத்து. முதல் வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். "இடம் இருக்கா?" என்று கேட்பது, அவ்வளவுதான். படிக்கட்டில் ஏறி மண்டபத்துக்கு வந்தேன். அந்த இருக்கையில் ஒரு ஜப்பானிய இளைஞன் தூங்கிக்கொண்டிருந்தான். தூணின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். மண்டபம் முழுக்க நடந்தேன், நீ நடக்கிற அதே சுற்று. மலாய்க்கார அம்மா என் கையில் இரண்டு குவளையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "முந்தாநாள் சொல்லிவிட்டுப் போனாளே. இனி வரமாட்டாள், தேர்வு ஆரம்பிக்கிறது. உங்களிடம் சொல்லவில்லையா?" என்றார்.

போன வருடம் உன்னுடைய ஒவ்வொரு தாளும் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியவன் நான். இந்த வருடம் முதல் தாள் என்றைக்கு என்றே எனக்குத் தெரியாது. ஒரு மைலோவை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். இன்னொன்றைக் குடிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். விரலில் மை. நான் அம்மாவைப் பார்த்து, "அவளுக்குத் தயிர் வை" என்றேன்.

அந்த வருடத் தீபாவளி இரண்டு தாள்களுக்கு நடுவில் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாய். தலையில் கை வைத்தேன். "நல்லா இரு" என்றேன். பிப்ரவரியிலிருந்து உன்னிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. நீ எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாய். அதற்குமேல் சொல்ல ஏதாவது எனக்கு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாய். எனக்கு நிறைய இருந்தது. அம்மா பலகாரத் தட்டோடு வந்தாள், நீ எழுந்துவிட்டாய்.

முடிவு வந்ததை அம்மா போனில்தான் சொன்னாள். இலக்கியத்தில் ஏ. மற்றவையும் நன்றாகவே. நான் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தேன், சத்தத்தில் அவளை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன். "நல்லதுன்னு சொல்லு" என்றேன். அதன்பிறகு பல்கலைக்கழகம், பேச்சுச் சிகிச்சை வேலை, பிரகாஷ், கல்யாணம், மெல்பர்ன். இடையில் நாம் பேசாமல் இல்லை. மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா, டிக்கெட் போட்டாயா என்று பேசினோம். பேச வராத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற வேலையை நீ ஏன் எடுத்தாய் என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று முருகையன் வீட்டுக் கதவைத் தட்டினேன். "தம்பி, அன்னைக்குக் கேட்டீங்கல்ல. பிளான் எல்லாம் பிள்ளையே போட்டுக்கும். நீங்க அது ரூமுக்குள்ள போயி உட்காருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "போயி என்ன பேசறதுண்ணே?" என்றார். "ஒண்ணும் பேச வேணாம். மறுபடி எழுதறதா இருந்தா, முதல் பேப்பர் என்னைக்குன்னு மட்டும் கேட்டு வச்சுக்குங்க" என்றேன். தலையாட்டினார். கேட்டாரா இல்லையா, எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன், இன்றைக்குத்தான் முடிகிறது.

மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தரம் எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. பேச்சு அதோடு முடிந்துவிடும், அதனால் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த ஐந்து மாதத்தில் நீ எப்போதாவது நிமிர்ந்து மேலே பார்த்தாயா? கம்பியோரம் நான் ரொட்டியோடு நின்றது உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால், என்னை அப்படியே நிற்கவிட்டு நீ படித்துக்கொண்டிருந்தாய் என்றால், அது உன் உரிமை, எனக்கு வருத்தமில்லை. தெரியாது என்றால், நீ தனியாக இருக்கவில்லை என்பதை இப்போதாவது தெரிந்துகொள். எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அப்பா